கொல்லன் தெருவில் ஊசியா, நியூகாசிலில் நிலக்கரியா?

ஆங்கில மரபுத்தொடரைத் தமிழாக்க மூன்று வழிகள்: சொல்லுக்குச் சொல், நிகரான தமிழ் வழக்கு, வெறும் பொருள். எது எங்கே எடுபடும் என்பதில்தான் சிக்கல்.

'நியூகாசிலுக்கு நிலக்கரி சுமப்பது' என்று அப்படியே எழுதினால், வட இங்கிலாந்தின் அந்தத் துறைமுகம் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போனது என்று அறியாதவர் விழிப்பார். 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அடுத்த வரியிலும் நிலக்கரிப் பேச்சே தொடர்ந்தால் ஊசி இடிக்கும்; அங்கே ஊரையும் கரியையும் விட்டுவைப்பதே மேல்.

'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதற்கு 'அத்தி பூத்தாற்போல்' அருமையான இணை. அத்திப் பூ காய் போன்ற உறைக்குள்ளேயே மறைந்திருக்கும், கண்ணில் படாது. வானியல் கட்டுரையில் மட்டும் இது உதவாது. அங்கே ப்ளூ மூன் என்பது ஒரே ஆங்கில மாதத்தில் வரும் 2ஆவது முழுநிலா. ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வந்துவிடும். அத்தனை அபூர்வமில்லை!

'கிக் த பக்கெட்' சற்று அலட்சியமாகச் சாவைச் சொல்வது. 'இயற்கை எய்தினார்' என்றால் தொனி கெடும். 'மண்டையைப் போட்டான்' சரியான எடை. வாளியை நிஜமாகவே உதைத்தானா என்ற ஐயம் வந்தால் இலக்கணத்தைப் பாருங்கள். 'த' போய் 'எ பக்கெட்' வந்தாலோ, செயப்பாட்டு வினையாக மாறினாலோ நிஜ வாளிதான். இதை எல்லாத் தொடருக்கும் நீட்டக் கூடாது. 'ஸ்பில் த பீன்ஸ்' செயப்பாட்டு வினையிலும் 'ரகசியத்தைப் போட்டு உடைப்பது' என்ற பொருளை இழப்பதில்லை.

சொல்லுக்குச் சொல் எப்போதும் தப்பில்லை. 'சிவப்பு நாடா' தமிழில் வேரூன்றிவிட்டது. 'வெள்ளை யானை' அவ்வளவு தோதில்லை: ஆங்கிலத்தில் அது தீனி போட்டே ஆளை ஓட்டாண்டியாக்கும் வீண் சொத்து, நமக்கோ இந்திரனின் ஐராவதம். 'பனியை உடைத்தார்' வேண்டவே வேண்டாம். 'தயக்கத்தைக் கலைத்தார்' போதும்.

மிக மோசமான பொறி, அகராதி பார்த்தும் தப்ப முடியாத 'டேபிள் எ மோஷன்'. பிரிட்டனில் தீர்மானத்தை விவாதத்துக்குக் கொண்டுவருவது; அமெரிக்காவில் கிடப்பில் போடுவது. எந்த நாட்டு அவை என்று பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.