இலக்கியம், தத்துவம், இறையியல் மாலை வகுப்பு: காசு கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் மூன்றாவதான இறையியலை நம்பிப் போகாதீர்கள்.

வேலை முடிந்து வருபவர்களுக்காகச் சிங்கப்பூர் நகரத்தின் நடுவில் நடக்கும் வகுப்பு இது, ஆங்கிலத்தில்தான். மரபணுவில் கை வைக்கலாமா, இயந்திரத்துக்கு யார் பொறுப்பு, இன்னும் பிறக்காதவர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதையெல்லாம் நாவல், தத்துவம், சமயச் சிந்தனை மூன்றையும் வைத்துப் பேசுவது திட்டம். கட்டணம் கொஞ்சம் கனம், திறன் பயிற்சிக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணமும் இதற்குச் செல்லாது. கடைசியில் தரும் தாளை வைத்துக்கொண்டு சம்பள உயர்வெல்லாம் கேட்க முடியாது.

இலக்கியப் பகுதி அருமை. 1818ல் வந்த ஃபிராங்கன்ஸ்டைன் நாவலைப் பூதக் கதை என்றுதான் பலரும் நினைத்து வந்திருந்தார்கள். ஆசிரியை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டார்: படைத்த உயிர் கண்ணைத் திறந்ததும் படைத்தவன் அறையை விட்டு ஓடுகிறானே, அங்கே. உண்டாக்கியது தப்பா, விட்டுவிட்டு ஓடியது தப்பா? மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு தம்பி, "எங்க ஆபீஸ்ல மாசா மாசம் நடக்கிறதுதான்" என்றார், யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

ஆனால் கொடுத்த காசுக்கு ஈடானது ஹோட்டாவைப் பற்றிப் பேசிய மாலைதான். ஹோட்டா என்றால் 1987ல் வந்த நம் உறுப்பு மாற்றுச் சட்டம். 21 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவரை, இறந்தபின் சிறுநீரகம், கல்லீரல், இதயம், விழிவெண்படலம் எடுக்கச் சம்மதித்தவர்கள் என்றுதான் கணக்கு. சரி, இறந்தபின் என்றால் எப்போது? 1968ல் ஹார்வர்டு குழு ஒன்று மூளைச்சாவையே மரணமாக ஏற்கலாம் என்றபோது, உறுப்பு தேவை என்பதற்காக மரணத்தின் எல்லையை நகர்த்தக் கூடாது என்று மல்லுக்கு நின்றவர் தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ். பூமியில் மனித வாழ்வு தொடர்வதற்குப் பங்கம் வராதபடி நட என்று 1979ல் பொறுப்பைப் பற்றித் தனி நூலே எழுதியவரும் அவர்தான். இத்தனை நாள் பர்ஸில் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு இதை யோசிக்காமலே இருந்திருக்கிறோம்.

ஆரம்பத்தில் அந்தச் சட்டத்தில் முஸ்லிம்கள் இல்லை. 2007ல் முயிஸின், அதாவது சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின், ஃபத்வா என்னும் மார்க்கத் தீர்ப்பு வந்தது, 2008ல் அவர்களையும் சேர்த்தார்கள். சமயச் சிந்தனை ஒரு நாட்டின் சட்டத்தையே நகர்த்தியதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? இதைச் சொன்னது ஆசிரியர் இல்லை, பக்கத்தில் இருந்த கடையநல்லூர் முஸ்லிம் குடும்பத்து அக்கா.

என் குறையே அதுதான். இறையியலுக்கு வந்தவர் அகஸ்டீன், அக்வினாஸ் என்ற இரண்டு கிறிஸ்தவ இறையியலாளர்களோடு கடையை மூடிவிட்டார், அதுவும் ஸ்லைடைப் பார்த்துப் படித்தபடியே. தமிழர்கள் கூடும் சிராங்கூன் ரோடு இருக்கும் ஊரில் மணிமேகலைக்கு ஒரு மணி நேரம் கிடையாதா? அமுதசுரபியால் பசியாற்றி, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கி, அப்புறம் வஞ்சியில் வைதிகர், சைவர், ஆசீவகர், நிகண்டர் (சமணர்) என ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்டவள் அவள். இலக்கியம், தத்துவம், சமயம் மூன்றும் ஒரே காப்பியத்தில் இருக்கிறது. கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இடைவேளைக் கோப்பி சுமார். குளிர்சாதனம் அதிகம், ஸ்வெட்டர் அவசியம். சேர்வதாக இருந்தால் நாவலை முன்பே முடித்துவிடுங்கள், நூலகத்தில் இரவல் கிடைக்கும். படிக்காமல் வந்தவர்கள் முதல் வாரம் முழுக்க வாயே திறக்கவில்லை.