பத்மநாபபுரம் காண வருவோர் எங்கே தங்கலாம், எங்கே உண்ணலாம்?

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய பத்மநாபபுரத்தை முதன்முறை காண வருவோர் பெரும்பாலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலேயே அறை எடுக்கிறார்கள். சூரிய உதயம் பார்க்க அது சரிதான், ஆனால் அரண்மனையும் சுசீந்திரம் கோயிலுமே நோக்கம் என்றால் இரண்டுக்கும் நடுவிலுள்ள நாகர்கோவிலையே பரிந்துரைப்பேன். அந்நகரின் வடசேரிப் பகுதியில் நாங்கள் தங்கிய விடுதியில் விரிப்புகள் வெளுத்துச் சுத்தமாக இருந்தன, வெந்நீரும் தடையின்றி வந்தது. சாலையோர அறையில் பேருந்துகளின் இரைச்சல் நள்ளிரவு வரை ஓயவில்லை என்பதால் பின்பக்க அறையைக் கேட்டு வாங்குவது நல்லது.

மதியச் சாப்பாட்டுக்கு அரண்மனைக்கு அருகிலுள்ள தக்கலையில் இலை போட்டுப் பரிமாறும் சிறிய உணவகங்களே மேல். சம்பா அரிசிச் சோற்றின்மேல், தேங்காயைச் செக்கச்சிவக்க வறுத்தரைத்து எண்ணெய் பிரியக் கொதிக்கவிட்ட உள்ளித் தீயலை ஊற்றி, அருகில் அவியலும் பப்படமும் வைக்கும் அந்தச் சுவை பெரிய ஓட்டல்களின் பட்டியலில் கிடைப்பதில்லை. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அதைப் பார்த்தே அறையைப் பதிவு செய்யுங்கள்.