ஒற்றைத் துண்டா, இரட்டைத் துண்டா? தண்டுவடக் காயமுள்ளவருக்கான கொலோஸ்டமி பை

அறுவையில் பெருங்குடலை வயிற்றின் மேல் திறந்து வைத்த வாய்தான் ஸ்டோமா. அதன் வழியே வரும் மலத்தைச் சேர்ப்பது கொலோஸ்டமி பை. ஒற்றைத் துண்டில் ஒட்டும் தகடும் பையும் சேர்ந்தே வரும். இரட்டைத் துண்டில் தகடு வயிற்றில் 3, 4 நாள் இருக்கும். பையை மட்டும் கழற்றி மாற்றலாம். கேட்டவுடன் இரண்டாவதே வசதி என்று தோன்றும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் கணக்கு மாறிவிடும்.

உட்காரும்போது வயிறு மடிகிறது. இரட்டைத் துண்டில் பையைத் தகட்டோடு பூட்டும் கெட்டியான வளையம் அந்த மடிப்போடு வளையாது. தகட்டின் ஓரம் தூக்கி, மலம் அடியில் கசியும். மற்றவர்களுக்கு எரிச்சல் எச்சரிக்கும். உணர்ச்சியற்ற வயிற்றில் அந்த எச்சரிக்கை கிடையாது. தண்டுவடக் காயம் டி6 (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது நிலை) அளவிலோ அதற்கு மேலோ இருந்தால், தோல் புண்ணே இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றக்கூடும். எந்தப் பையானாலும் தினமும் கைக்கண்ணாடி வைத்துத் தகட்டின் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

அடுத்தது விரல் வலு. வளையத்தை அழுத்திப் பூட்ட விரல் வேண்டும். அரைகுறையாகப் பூட்டினால் கட்டிலுக்கு மாறும்போது கழன்றுவிடும். வளையத்துக்குப் பதில் பையைத் தகட்டில் ஒட்டிப் பொருத்தும் இரட்டைத் துண்டு வகை இதற்குத் தேவலை.

ஒற்றைத் துண்டு மெல்லியது, மடிப்போடு வளையும். ஆனால் மாற்றும்போதெல்லாம் தோலும் உரிபடும். துளையை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. பெரிதாக வெட்டவும். அறுவைக்குப் பின் முதல் 6 முதல் 8 வாரம் ஸ்டோமா சுருங்கும். அதுவரை மொத்தமாக வெட்டி அடுக்க வேண்டாம்.

கை வலுவில்லை, தொப்பை மடிகிறது என்றால் ஒற்றைத் துண்டு. வாரம் இருமுறை தகடு மாற்ற ஆள் வருவார் என்றால் ஒட்டிப் பொருத்தும் இரட்டைத் துண்டு. இரண்டு வகையிலும் பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள். கனத்தால் தகடு இழுபடும்.