ஃபீனிக்ஸ் வெயிலில் ட்ரூ-கூல் 4454 கியர்பாக்ஸ் ஆயில் கூலர்: இரண்டு கோடை ஓட்டிய பிறகு

நாங்கள் குளிர் ஊரான மினியாபொலிஸிலிருந்து அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்குக் குடிவந்தது 2023இல். அந்தக் கோடையில் பகல் வெயில் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை. வண்டி எங்களோடு வந்த 2009 ஹோண்டா ஒடிஸிதான். பின்னால் ஒரு சின்ன மடக்குக் கூடார டிரெய்லர். வெயில் தாங்காமல் சனிக்கிழமை விடிந்ததும் ஃபிளாக்ஸ்டாஃபுக்கு ஏறிவிடுவோம். ஃபீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரம், ஃபிளாக்ஸ்டாஃப் கிட்டத்தட்ட 7,000 அடி. அந்த ஏற்றம்தான் கியர்பாக்ஸுக்குச் சோதனை.

ஏற்றத்தில், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டே இழுக்கும். அந்த வழுக்கல் முழுவதும் கியர்பாக்ஸ் ஆயிலில் சூடாக இறங்கும். ஆயில் 175 டிகிரி ஃபாரன்ஹீட் வாக்கில் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்று மெக்கானிக்குகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் கியர்பாக்ஸிலிருந்து ஆயில் வெளியே வரும் ஹோஸில் ஒரு சென்சார் போட்டு, டாஷ்போர்டில் கேஜ் வைத்திருக்கிறேன். அந்த ஜூலையில் பிளாக் கேன்யன் சிட்டி தாண்டி சன்செட் பாயிண்ட் ஏறும்போது முள் 240ஐத் தொட்டது. ஏசியை அணைத்து, குழந்தைகள் வியர்த்து வழிய, ஓரம் கட்டி நிறுத்தினோம்.

இத்தனைக்கும் வண்டியில் ஏற்கெனவே ஒரு கூலர் இருந்தது. மினியாபொலிஸில் ஒரு பட்டறையில் போட்டுக் கொடுத்தது. வளைந்து வளைந்து போகும் ஒரே குழாயும் அதன் மேல் தகடுகளுமாக இருக்கும் பழைய வகை. அதை ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரோடு நைலான் டை கொண்டு, தகடுகளுக்குள்ளேயே துளைத்துக் கட்டியிருந்தார்கள். பம்பரைக் கழற்றிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. டை உரசி உரசி அலுமினியக் குழாயில் நகத்தால் கீறியது போல ஒரு பள்ளம். அதைச் சுற்றிப் புழுதியும் ஆயிலும் குழைந்து கறுப்பு மெழுகாக அப்பியிருந்தது. இன்னும் ஒரு பயணம் போயிருந்தால் குழாய் ஓட்டையாகியிருக்கும். எந்த ஊரில் இருந்தாலும் சரி, கூலரை நைலான் டையால் கட்ட விடாதீர்கள். இரும்புப் பட்டை வைத்து வண்டியின் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்கியதுதான் ட்ரூ-கூல் 4454. கொடுத்த காசுக்கு முழுத் தகுதியான பொருள். தகடுகளை அடுக்கி ஒட்டிய வகை. பள்ளிக்கூட நோட்டு அளவுதான் இருக்கும், ஆனால் கையில் எடுத்தால் கனம் தெரியும். இதன் பெரிய குணம் உள்ளேயே இருக்கும் பைபாஸ் வழி. குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது தகடுகளுக்குள் நுழையச் சிரமப்படாமல் குறுக்கே ஓடிவிடும். சூடாகி இளகியதும் தகடுகளுக்குள் பரவும். அரிசோனாவில் எதற்கு இது என்று கேட்கலாம். ஜனவரியில் ஃபிளாக்ஸ்டாஃபில் இரவு தங்கிவிட்டு, பனி மூடிய வண்டியைக் காலையில் கிளப்பினால் தெரியும்.

மாட்டும் இடத்துக்கு வருகிறேன். கண்டென்சருக்கு முன்னால், கிரில் காற்று நேராகப் படும் இடத்தில் வைத்தேன். நடுவே ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டேன். முழுக்க ஒட்டி வைத்தால் கூலரின் சூடு கண்டென்சருக்குப் போய் ஏசி மந்தமாகும்; ஃபீனிக்ஸில் அதை யாரும் பொறுக்க மாட்டார்கள். ஃபேன் இழுக்கும் பரப்புக்குள் இருப்பதும் முக்கியம். சிக்னலில் நிற்கும்போது வேறு காற்றே கிடையாது. ஹோஸ் சொருகும் முனைகளைக் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி வைக்காதீர்கள், மேல் பாதியில் காற்று தங்கிவிடும். ஹோஸ் எஸ்ஏஇ ஜே1532 (கியர்பாக்ஸ் ஆயில் கூலர் ஹோஸுக்கான தரம்) என்று அச்சடித்ததாக இருக்கட்டும். பெட்ரோல் ஹோஸ் மலிவு என்று அதைப் போடாதீர்கள், ஆயில் சூட்டுக்கு அது தாங்காது.

ஆயில் எந்த வரிசையில் போகிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். கியர்பாக்ஸ் ஆயில் ரேடியேட்டர் வழியாகவும் போய் வரும். ரேடியேட்டர் தண்ணீரே 190, 200 டிகிரி சூட்டில் இருக்கும். அதற்குள் போய் வரும் ஆயில் அதைவிடக் குளிர வழியே இல்லை. அதனால் வெயில் ஊரில் முதலில் ரேடியேட்டர், அப்புறம் கூலர், அங்கிருந்து நேராகக் கியர்பாக்ஸ். பழைய பட்டறைக்காரர் மினியாபொலிஸிலும் இதே வரிசையில்தான் போட்டிருந்தார், அதுவும் பைபாஸ் இல்லாத கூலரில். ஜனவரியில் வேலைக்குப் போகும் 20 நிமிடத்தில் முள் 120ஐத் தாண்டாது. ஒவ்வொரு கியர் மாறும்போதும் ஒரு முட்டு. அது கியர்பாக்ஸின் குறை என்று நினைத்து இரண்டு வருடம் கவலைப்பட்டேன். ஆயில் சூடாகவே இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அதே ஏற்றம், அதே டிரெய்லர், ஏசி ஓடிக்கொண்டே: கடந்த ஆகஸ்டில் முள் 205இல் நின்றது. சமதரையில் 170, 175. குறை என்று சொன்னால், கூடவே வந்த பட்டைகள் ஒடிஸிக்குச் சரியாக உட்காரவில்லை. ஒரு துண்டு இரும்புப் பட்டையை நானே வளைத்துத் துளை போட வேண்டியிருந்தது. அரை நாள் வேலை. கூலருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் தேங்கும் என்பதால், மாட்டி ஓட்டிய பிறகு அளவு பார்த்து ஹோண்டாவின் டிடபிள்யூ-1 கியர்பாக்ஸ் ஆயில் ஊற்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் கழித்து கிளாம்புகளை இன்னொரு முறை இறுக்குங்கள். எனக்கு ஒரு கிளாம்ப் கால் சுற்று இறங்கியது.

மினியாபொலிஸில் இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார், "அண்ணா, நானும் இதையே வாங்கட்டுமா?" வாங்குங்கள், ஆனால் வரிசையை மாற்றுங்கள் என்றேன். முதலில் கூலர், கடைசியில் ரேடியேட்டர். அங்கே குளிர்காலத்தில் அந்தச் சூடான தண்ணீர்தான் ஆயிலைப் பதத்துக்குக் கொண்டுவரும். பைபாஸ் ஆயிலின் கெட்டியைப் பார்த்துத்தான் வேலை செய்யும், டிகிரி பார்த்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் அல்ல. டிரெய்லர் இழுப்பவராக இருந்தால் தனியாக ஒரு தெர்மோஸ்டாட் வால்வும் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.