செல்லுக்குள் உலோகத்தைப் பார்க்க: சாயமா, புரதமா?

ஈரோட்டுத் தோல் பதனிடும் ஆலைகளில் குரோமியம். திருப்பூர்ப் பட்டறைகளில் ஓடும் டர்க்காய்ஸ் நீலச் சாயத்தின் மூலக்கூறு நடுவிலேயே தாமிரம். 1992-இல் நொய்யல் ஆற்றில் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியதைப் பார்த்து வளர்ந்த கொங்குப் பிள்ளைகள், வேதியியல் முதுகலை ப்ராஜெக்டுக்கு உலோக உணரி (உலோகத்தைப் பிடித்ததும் ஒளி மாறும் மூலக்கூறு) செய்ய ஆசைப்படுவதில் வியப்பில்லை. கேள்வி நல்ல கேள்வி. ஆனால் உயிருள்ள செல்லுக்குள் பார்க்க எதை எடுப்பது?

ஒரு பக்கம் ஒளிரும் செயற்கைச் சாயங்கள். ரோஜர் சியென் குழு 1985-இல் வெளியிட்ட ஃபுரா-2 இன்றும் கால்சியத்துக்கு அளவுகோல். எஸ்டர் வடிவில் (மின்னேற்றத்தை மூடிய வடிவம்) கொடுத்தால் செல்சவ்வைத் தாண்டிவிடும். உள்ளே இருக்கும் நொதிகள் எஸ்டரை வெட்டியதும் வெளியே வர முடியாமல் தங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் படம் எடுக்கலாம். 340, 380 நானோமீட்டர் ஒளிகளில் கிடைக்கும் விகிதத்தைக் கணக்கிடுவதால், ஒரு செல்லில் சாயம் கூடவோ குறையவோ ஏறியிருந்தாலும் கணக்கு பெரிதாகக் கெடாது. அதற்கு ஏற்ற புற ஊதா வசதி மைக்ரோஸ்கோப்பில் இல்லையென்றால் 488 நானோமீட்டர் லேசரில் ஃப்ளூவோ-4 என்ற கால்சியச் சாயத்தை எடுக்கலாம். ஆனால் அதில் வெறும் பிரகாசம்தான் கிடைக்கும், விகிதம் கிடைக்காது. மீன் செவுளில் இருந்து அப்போதே பிரித்த செல்களுக்கு, மரபணு ஏற்றிக் காத்திருக்க நேரம் இல்லை என்பதால், சாயமே சரி.

குறை என்ன? சாயம் செல்லின் எந்தப் பகுதியில் சேர்கிறது என்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. 37 டிகிரியில் மெல்லக் கசியவும் செய்யும். ஃபுரா-2 கால்சியத்தைவிடத் துத்தநாகத்தை இறுக்கமாகப் பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

மறுபக்கம், செல்லே தயாரித்துக்கொள்ளும் புரத உணரிகள். கால்சியத்துக்கு 1997-இல் கேமிலியன், 2001-இல் ஜிகேம்ப். மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போ என்று முகவரி எழுதி அனுப்பலாம், நாள்கணக்கில் பின்தொடரலாம். துத்தநாகத்துக்கும் நல்லவை உண்டு. ஆனால் மரபணுவை ஏற்ற வேண்டும், செல் ஒத்துழைக்க வேண்டும், அமிலத்தன்மை மாறினால் ஜிகேம்பின் ஒளியும் மாறும். குரோமியத்துக்கு, கால்சியத்துக்கு இருப்பதுபோல் நம்பி எடுக்கும் புரத உணரி கிடையாது.

தாமிரத்தில்தான் நம் மாணவர்களின் உழைப்பு அதிகம் வீணாகிறது என்பது என் வருத்தம். ஷிஃப் பேஸ் (உலோகத்தைப் பிடிக்கும், எளிதில் செய்யக்கூடிய கரிமச் சேர்மம்) ஒன்றைச் செய்து, அசிட்டோநைட்ரைல் கலந்த நீரில் தாமிரம்(II) சேர்த்து, ஒளி அணைவதைக் காட்டி, அதையே செல்லுக்கும் போட்டுப் படம் எடுக்கிறார்கள். செல்லுக்குள் குளுட்டாதயோன் என்ற ஒடுக்கும் பொருள் நிறைந்த சூழல். அங்கே தாமிரம் பெரும்பாலும் ஒற்றை மின்னேற்றத்தோடு, தாமிரம்(I) ஆகத்தான் இருக்கிறது. அதற்கென்றே கிறிஸ்டோபர் சாங் குழு 2006-இல் காப்பர்சென்சார்-1 என்ற சாயத்தைக் கொண்டுவந்தது. போதாததற்கு, ஒளி அணையும் உணரியில் மங்கலுக்குக் காரணம் உலோகமா, வெளிச்சத்தில் சாயம் வெளுத்ததா, கசிந்ததா என்று பிரிப்பது கடினம். ஆகவே செல்லுக்கென்றால் ஒளி கூடும் உணரியையே செய்யுங்கள். ரோடமின் என்ற சாயத்தின் வளையம் திறந்து ஒளிரும் வகை குரோமியம்(III)-க்கு நல்ல தொடக்கம். குரோமியம்(VI), சல்ஃபேட் நுழையும் வழியாகவே செல்லுக்குள் புகுந்து, உள்ளே ஒடுங்கி குரோமியம்(III) ஆகிறது என்பதால் அந்தக் கேள்விக்கும் பொருத்தம்.

சரி, நொய்யல் தண்ணீரில் எவ்வளவு உலோகம் என்பதுதான் கேள்வி என்றால், இரண்டுமே வேண்டாம். அணு உறிஞ்சல் நிறமாலைமானிக்குக் கொடுங்கள். உணரி காட்டுவது செல்லுக்குள் தளர்வாக இருக்கும் பங்கை மட்டுமே; மொத்தத்தை அல்ல.

எதை எடுத்தாலும், முதல் நாளே சரிபார்ப்பு வையுங்கள். துத்தநாக உணரி என்றால் டிபிஇஎன் (TPEN, துத்தநாகத்தைப் பறித்துக்கொள்ளும் சேர்மம்) சேர்த்து ஒளி இறங்குகிறதா, பிறகு பைரிதியோனோடு (துத்தநாகத்தைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் சேர்மம்) துத்தநாகம் கொடுத்தால் ஏறுகிறதா என்று அதே செல்லில் பாருங்கள். அந்த இரண்டு படங்களும் இல்லாத ஆய்வறிக்கையை நான் ஏற்க மாட்டேன்.