பழைய லேப்டாப்பில் ‘விண்டோஸ் 11 போட்டுத் தர்றோம்’ என்கிறார்களா? கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. அன்றிலிருந்து சர்வீஸ் கடைகளுக்குப் புது வியாபாரம். “டென் செத்துப்போச்சு சார், இனிமே வைரஸ் ஏறும், பேங்க் சைட் ஓப்பன் ஆகாது, லெவன் போட்டுடலாம்” என்று எட்டு, பத்து வருட லேப்டாப்பை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். மாலையில் நடுவில் வந்து நிற்கும் ஸ்டார்ட் பட்டனோடு மெஷின் திரும்பி வருகிறது. காசைக் கொடுத்து, முன்பு இருந்ததைவிட மோசமான ஒன்றை வாங்கிவந்திருக்கிறோம் என்பது அப்போது தெரியாது.

முதலில் அந்த பேங்க் சைட் கதை. விண்டோஸ் 10-இல் எட்ஜ் பிரவுசருக்கு 2028 அக்டோபர் வரையாவது அப்டேட் உண்டு என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. வங்கித் தளம் பார்ப்பது பிரவுசரைத்தான். ஆகவே அது வெறும் பயமுறுத்தல்.

விண்டோஸ் 11-க்குத் தேவையானவை: டிபிஎம் 2.0 (பாதுகாப்புக்கான சிப் வசதி), செக்யூர் பூட் (ஆன் ஆகும்போதே மென்பொருள் அசல்தானா என்று பார்க்கும் வசதி), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், கூடவே அனுமதிப் பட்டியலில் உள்ள பிராசசர். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையிலிருந்து. அது சந்தைக்கு வந்ததே 2017-இல். அதற்கு முன் வாங்கிய இன்டெல் லேப்டாப் அநேகமாக எதுவும், 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் முதல் சில ஆண்டுகளில் கிடைத்தவை உட்பட, தேறாது. இந்தக் கோடு நியாயமானதா என்றால், இல்லை. 7-ஆம் தலைமுறை ஐ5-7200யு-வுக்கும் 8-ஆம் தலைமுறை ஐ5-8250யு-வுக்கும் உள்ளே இருக்கும் கோர் ஒரே வடிவமைப்பு. பிந்தையதில் இரண்டுக்குப் பதில் நான்கு கோர், அவ்வளவுதான். பாதுகாப்புக்காக என்று காட்டும் வன்பொருள் வசதி முந்தையதிலும் இருக்கிறது. ஓடக்கூடிய மெஷினை ஒரு பட்டியல் குப்பையாக்கியது. கடைக்காரர் பிழைப்பது அந்த இடைவெளியில்தான்.

தகுதியில்லாத மெஷினில் 11-ஐ ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் பென்டிரைவ் தயாரிக்கும்போது டிபிஎம் சோதனையை நீக்கும் பெட்டியில் டிக் போட்டால் போதும். சிக்கல் அதற்கு அப்புறம் வருகிறது.

விண்டோஸ் 11-இல் ஆண்டுக்கொரு வெர்ஷன். ஹோம், ப்ரோ பதிப்புகளில் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஆயுள் 24 மாதம்தான். 22எச்2-வுக்கு 2024 அக்டோபர் 8-இல் ஆயுள் முடிந்தது, 23எச்2-வுக்கு 2025 நவம்பர் 11-இல். 24எச்2 2026 அக்டோபர் 13 வரை, 25எச்2 2027 அக்டோபர் 12 வரை. தகுதியுள்ள மெஷினுக்கு அடுத்த வெர்ஷன் தானாக வந்துவிடும். குறுக்கு வழியில் போட்டதற்கு மாதாந்திர பேட்ச் (பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்) மட்டும் வந்துகொண்டிருக்கும், அடுத்த வெர்ஷன் வராது. யாராவது மறுபடி பென்டிரைவோடு உட்கார வேண்டும். அதாவது மறுபடி கடை, மறுபடி காசு.

கடையில் பெரும்பாலும் பழைய பென்டிரைவ்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் 23எச்2, சில இடங்களில் 22எச்2. கோர் 2 டுயோ மாதிரியான கிழட்டு மெஷினென்றால் வேறு வழியும் கிடையாது: 24எச்2 கேட்கும் எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் அந்தச் சிப்பில் இல்லை, மெஷின் பூட் ஆகவே ஆகாது. ஆக, பேட்ச் நின்றுபோன 10-ஐ எடுத்துவிட்டு, பேட்ச் நின்றுபோன 11-ஐப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இதில் கொடுமை, 10-க்கு இன்னும் வழி இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

‘லைட்’, ‘டைனி’ என்ற பெயரில் யாரோ வெட்டிச் சுருக்கிய 11-ஐயும் போடுகிறார்கள். 4 ஜிபி ரேமில் வேகமாக ஓடும்தான். அப்டேட் பகுதியையோ விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரையோ பிடுங்கிவிட்டதால் வந்த வேகம் அது.

அடுத்தது லைசென்ஸ். விண்டோஸ் 8 காலம் முதல் கம்பெனி லேப்டாப்களில் லைசென்ஸ் கீ பயாஸிலேயே (மதர்போர்டு சிப்பில் இருக்கும் அடிப்படை நிரலில்) எழுதப்பட்டிருக்கும். நம் ஊரில் விற்றவற்றில் பெரும்பாலும் அது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’. கடைக்காரர் அதைப் பார்க்காமல் ‘ப்ரோ’ ஏற்றி, கேஎம்எஸ் என்ற, பெரிய நிறுவனங்களுக்கான ஆக்டிவேஷன் முறையைப் போலி செய்யும் கிராக்கால் ஆக்டிவேட் செய்துவிடுவார். நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய அசல் லைசென்ஸ் சும்மா கிடக்கும். கேஎம்எஸ் ஆக்டிவேஷன் 180 நாள் கணக்கு. அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க ஒரு நிரல் பின்னணியில் ஓட வேண்டும், அது ஓட டிஃபெண்டரின் கண்ணைக் கட்ட வேண்டும். நெட் பேங்கிங் பண்ணும் மெஷினில் இதுவா வேண்டும்?

மெஷினைத் திரும்ப வாங்கும்போது, காசு கொடுக்கும் முன், கவுன்டரிலேயே பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் போனால் எடிஷனும் வெர்ஷனும் தெரியும். 22எச்2, 23எச்2 என்றிருந்தால் வாங்காதீர்கள். அதே சிஸ்டம் பக்கத்தில் ஆக்டிவேஷன்: ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்றிருக்க வேண்டும். ‘யுவர் ஆர்கனைசேஷன்ஸ் ஆக்டிவேஷன் சர்வீஸ்’ என்று காட்டினால் கேஎம்எஸ் வேலை. டிஜிட்டல் லைசென்ஸ் என்றே காட்டும் கிராக்கும் உண்டு என்பதால், ஹோம் கொடுத்து ப்ரோ வந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளின் அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ (டிஃபெண்டர் சோதிக்காமல் விடுபவை) இருக்கும். அது காலியாக இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாற்றியிருந்தால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பவர் ஆன் நேரம் பாருங்கள்; புது டிஸ்க்குக்கு ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியிருக்க நியாயமில்லை. கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஆதார் நகல் முதல் குடும்பப் படம் வரை அதில்தான் இருக்கிறது.

(எஸ்எஸ்டி மாற்றுவது மட்டும் உண்மையிலேயே காசுக்குத் தகுந்த வேலை. 5400 ஆர்பிஎம் டிஸ்க்கில் எந்த விண்டோஸும் தவழத்தான் செய்யும். 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் போட்டால் பழைய 10-ஏ பறக்கும்.)

தகுதியுள்ள மெஷினையே ‘சப்போர்ட் இல்லை, போர்டு மாத்தணும்’ என்று சொல்வது இன்னொரு ஏமாற்று. 8-ஆம் தலைமுறைக்குப் பிந்தையதிலும் டிபிஎம் அணைந்திருந்தால் அதே எச்சரிக்கைதான் வரும். பயாஸில் செக்யூரிட்டி பக்கத்தில் இன்டெல் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்றிருப்பதை ஆன் செய்தால் முடிந்தது. தனி டிபிஎம் சிப் வாங்க வேண்டியதில்லை. செக்யூர் பூட்டுக்கு யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறை வேண்டும். லெகஸி என்ற பழைய முறையில் விண்டோஸ் போட்டிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் வடிவில் இருக்கும். அதை விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் முதலில் ஜிபிடி என்ற புது வடிவுக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகே பயாஸில் யூஇஎஃப்ஐ-க்கு மாற்ற வேண்டும். வரிசை மாறினால் பூட் ஆகாது. அப்போது ‘ஹார்ட் டிஸ்க் போச்சு’ என்று அடுத்த பில் எழுதுவார்கள். டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தால் அந்தக் கருவி மறுத்துவிடும். எதற்கும் பேக்கப் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தகுதியுள்ள மெஷினில் இன்னொரு கண்ணி. கடைக்காரர் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து செட்டப் முடித்துக் கொடுத்தால், 24எச்2-விலிருந்து டிஸ்க் தானாக என்கிரிப்ட் ஆகி (பூட்டப்பட்டு), அதைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீ அவர் கணக்கில் போய் உட்காரும். ஒரு பயாஸ் அப்டேட்டுக்குப் பின் அது கீ கேட்டு நின்றால் உங்கள் ஃபைல்கள் அவர் தயவில்.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குவோருக்கு: ‘ஐ5, 16 ஜிபி, விண்டோஸ் 11 ப்ரோ’ என்ற விளம்பரத்தில் தலைமுறை இருக்காது. ஐ5-6300யு என்றால் 6, ஐ5-10210யு என்றால் 10. மாடல் பெயரை நம்பாதீர்கள். திங்க்பேட் டி480-இலேயே 7-ஆம் தலைமுறைச் சிப்போடு வந்தவை உண்டு. கம்பெனியிலிருந்து கழித்துவிட்ட மெஷின் என்றால், கடையிலேயே நெட் இணைத்து ஒருமுறை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். ஆட்டோபைலட் (கம்பெனி தன் மெஷின்களை நெட் வழியாகப் பதிந்து வைக்கும் முறை) பூட்டு நீக்கப்படாமல் இருந்தால் பழைய கம்பெனியின் லாகின் பக்கம் வந்து நிற்கும். நெட் இல்லாமல் போட்டுக் கொடுத்தால் அது தெரியாது.

இப்போது 10-இன் வழி. இஎஸ்யு என்ற நீட்டிப்பில் தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு பேட்ச் கிடைக்கும். மெஷினில் 10-இன் 22எச்2 வெர்ஷன் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘என்ரோல் நவ்’ வரும். செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் இலவசம். வேண்டாம் என்றால் 30 டாலர், அல்லது 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள். ஒரு கணக்கில் 10 மெஷின் வரை சேர்க்கலாம். அந்த இணைப்பே காணவில்லை என்றால் 2025 ஆகஸ்டில் வந்த கேபி5063709-ஓ அதற்குப் பிந்தைய பேட்ச்சோ ஏறாமல் இருக்கலாம். அதை முதலில் ஏற்றுங்கள். இதைச் செய்யவே காசு வாங்கும் கடைகளும் முளைத்திருக்கின்றன.

நெட்டும் யூடியூபும்தான் என்றால் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. டேலியும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் இருக்கும் ஆபீஸ் மெஷினில் அதைத் தொடாதீர்கள். பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துரு டாங்கிளுமாக (மெஷினில் செருகும் லைசென்ஸ் சாவி) ஓடும் டிடிபி மெஷினில் 11-ஐயும் தொடாதீர்கள். 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 16 பிட் நிரல்கள் ஓடாது, பழைய டாங்கிள் டிரைவர் ஏறுமா என்பதும் அதிர்ஷ்டம். அந்த மெஷினின் நெட்டைப் பிடுங்கிவிட்டு, பென்டிரைவில் ஃபைலை மாற்றிக்கொள்வதே மேல்.

கடையில் பில் வாங்கும்போது எடிஷன், வெர்ஷன், லைசென்ஸ் யாருடையது என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மெஷினைக் கொடுக்காமல் திரும்பிவிடலாம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட, கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆக்டிவேஷன் பக்கத்தையும் வெர்ஷன் பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே மெஷினை வேறு யாரிடமும் சரிசெய்யக் கொடுங்கள்.