நாலு வருஷம் எயார் ரைபிளோடு: மேசையில் சூரன், சரிவில் சுமார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வேட்டைக்காரன் இல்லை. இங்கே இலங்கையில் மரையோ மானோ சுட்டால் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வோம். நான் சுடுவது கடதாசியைத்தான். ஆனால் பழகும் முறையைச் சொல்லித் தந்தவன் கனடாவில் அனுமதி எடுத்து மான் வேட்டைக்குப் போகும் என் மச்சான்.

துப்பாக்கி சாதாரண 4.5 மில்லிமீட்டர் ஸ்பிரிங் ரகம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளும். அப்புத்தளையில் வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டிய உயரமான மேடு இருக்கிறது, குண்டைத் தாங்க அது போதும். முதல் வருஷம் முழுக்க மேசை போட்டு, மணல் பையில் சாய்த்து, 10 மீட்டரில் சுட்டேன். ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் குற்றிக்குள் அடங்கியதைப் படம் எடுத்து மச்சானுக்குப் பெருமையாக அனுப்பினால், "மான் உனக்கு மேசை போட்டுத் தருமாடா?" என்கிறான்.

அவன் கணக்கு இதுதான். மானின் நெஞ்சில் உயிர்நிலை உள்ள இடம் சுமார் 8 அங்குலம், ஒரு கடதாசித் தட்டளவு. எந்தத் தூரத்தில் எல்லாக் குண்டும் தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் எல்லை, அதைத் தாண்டிச் சுட்டால் காயம்பட்ட மிருகம் ஓடிப்போய் எங்கேயாவது கிடந்து துடிக்கும். 100 மீட்டரில் தெரியும் அந்தத் தட்டு, 30 மீட்டரில் 6 சென்டிமீட்டர் வட்டத்துக்குச் சமம். சரி என்று கொப்பித் தாளில் கவராயத்தால் வட்டம் போட்டு ஒட்டி, நின்றபடி சுட்டேன். பத்தில் மூன்று!

இறுக்கிப் பிடித்ததுதான் முதல் பிழை. ஸ்பிரிங் துப்பாக்கி, குண்டு குழலை விட்டுப் போகும் முன்பே பின்னும் முன்னுமாக உதறும், அதை அடக்கப் பார்த்தால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு திசை. முன்கையை விரித்து, தூங்குகிற குழந்தையைத் தாங்குவது போல, எப்போதும் அதே இடத்தில் தாங்க வேண்டும். அப்புறம் கீழே தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்கு இறங்கி ஏறி வந்து மூச்சு வாங்க வாங்கச் சுடுவேன். மூச்சை விட்டு முடிக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் விசையை அழுத்தப் பழகவே ஆறு மாதம் போனது.

துப்பாக்கியோடு கூடவே வந்த ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) எட்டாம் மாதத்தில் அந்த உதறலுக்கே செத்தது. திருகாணிகளும் அடிக்கடி தளரும், அது தெரியாமல் இரண்டு வாரம் என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன். 25 மீட்டருக்குச் சரிபார்த்த ஸ்கோப்பில் 40 மீட்டருக்குப் பார்த்தால் குண்டு மூன்று விரல் கீழே விழும். ஜூலை, ஆகஸ்ட் காற்றில் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளும் என்று கேட்காதீர்கள், அந்த மாதங்களில் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவதோடு சரி.

இப்போது முழங்கால் ஊன்றினால் 30 மீட்டரில் பத்துக்கு ஒன்பது விழுகிறது. மச்சானிடம் சொன்னேன். "அந்தப் பத்தாவது எங்கே போச்சு?" என்றான்.